வாடகைப் பாய்ப்படகு: விபத்து என்றால் சட்டம் முதலில் யாரைக் கேட்கும்?

அலைவாய் கேட்டது:

வணக்கம். இங்கிலாந்தில் ஹாம்பிள் ஆற்றில் கட்டியிருக்கும் 12 மீட்டர் பாய்ப்படகு. 2005இல் கட்டிய ஃபைபர் படகு, வார்ப்பிரும்புக் கீல் (படகின் அடியில் தொங்கும் எடை), ஆறு பேர் படுக்கலாம். உரிமையாளர்கள் மூன்று பேர். மெரினா வாடகையும் இன்சூரன்ஸும் கையைக் கடிப்பதால் வாரக்கடைசிகளில் ஆள் ஏற்றலாம் என்று யோசனை. சோலன்ட் நீரிணைக்குள் பகல் பயணம், கோடையில் இரண்டு மூன்று தடவை பிரான்சின் ஷெர்பூர் துறைமுகம் வரை. சம்பளத்துக்கு ஒரு ஸ்கிப்பர், அதாவது படகைச் செலுத்தும் தலைவர். செப்டம்பரில் படகை அட்லாண்டிக் நடுவே உள்ள அசோர்ஸ் தீவுகள் வரை கொண்டுபோய்த் திரும்பும் திட்டமும் இருக்கிறது. அதற்குச் செலவைப் பகிர்ந்துகொள்ள நான்கு பேர் தயார்.

என் கேள்விகள்:
1. செலவைப் பங்கு போட்டுக்கொண்டால் அது "வணிகப் பயன்பாடு" ஆகுமா?
2. தகுதியுள்ள ஸ்கிப்பரை வைத்த பிறகு விபத்து நடந்தால் பொறுப்பு அவருடையதுதானே?
3. கோடிங் சான்றிதழ் (வணிகப் படகுகளுக்கான பாதுகாப்பு விதித்தொகுப்பான கோட்டுக்குப் படகு உட்பட்டது என்ற சான்று) வாங்கிவிட்டால் உரிமையாளர் பாதுகாப்பாக இருக்கிறார் என்று எடுத்துக்கொள்ளலாமா?
4. அசோர்ஸ் போவது வாடகைப் பயணம் இல்லை, படகை இடம் மாற்றுவதுதான், அதற்குச் சான்றிதழ் தேவையில்லை என்கிறார்கள். சரியா?

---

வழக்குமேசை எழுதியது:

முதல் கேள்வியிலேயே பாதிப் பேர் சறுக்குகிறார்கள், அதனால் அதை விரிவாகச் சொல்கிறேன்.

பிரிட்டனில் ஒரு படகு "உல்லாசப் படகு" என்ற வரையறைக்குள் இருக்கும்வரை வணிகக் கோட் பொருந்தாது. அந்த வரையறை 1998ஆம் ஆண்டு விதிகளில் வந்தது, அதில் மூன்று முடிச்சுகள் உண்டு. முதலாவது, படகில் வருபவர்கள் உரிமையாளர், அவருடைய நெருங்கிய குடும்பத்தார், நண்பர்கள் ஆகியோராக இருக்க வேண்டும். இரண்டாவது, படகை இயக்குவதற்காகவோ ஆளை ஏற்றுவதற்காகவோ உரிமையாளர் பணம் வாங்கக் கூடாது. அந்தப் பயணத்தின்போது ஏற்படும் நேரடிச் செலவுக்கான பங்கை மட்டும் வாங்கலாம். மூன்றாவதை யாரும் படிப்பதில்லை: படகைப் பயன்படுத்துகிறவர்கள் சார்பில் வேறு எந்தப் பணமும், உரிமையாளர் கொடுப்பதைத் தவிர, யாருக்கும் போகக் கூடாது.

இதை உங்கள் கணக்கில் வைத்துப் பாருங்கள். ஷெர்பூர் போகும் வழியில் எரிந்த டீசல், அங்கே ஓரிரவு கட்டிய துறைமுகக் கட்டணம், வாங்கிய சாப்பாடு: இவை நேரடிச் செலவு. ஹாம்பிளில் வருடம் முழுக்கக் கட்டும் மெரினா வாடகை, இன்சூரன்ஸ் பிரீமியம், அடிப்பாகத்துக்கு அடிக்கும் பெயின்ட்: இவை அந்தப் பயணத்தில் உண்டான செலவு அல்ல. இவற்றில் ஒரு பைசாவைப் பங்கில் சேர்த்தாலும் வரையறையைத் தாண்டிவிட்டீர்கள். விருந்தாளிகள் தாங்களே ஸ்கிப்பருக்கு நேராகச் சம்பளம் கொடுத்தால் மூன்றாவது முடிச்சில் மாட்டுகிறீர்கள். இணையத்தில் விளம்பரம் போட்டு வந்தவரை "நண்பர்" என்று நீதிமன்றத்தில் நிறுவுவதும் கடினம். மெரினா வாடகையை ஈடுகட்டத்தான் ஆள் ஏற்றுகிறோம் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். ஆகவே இது வணிகப் பயன்பாடு. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

இரண்டாவது கேள்வி. "ஸ்கிப்பர் பார்த்துக்கொள்வார்" என்ற எண்ணம்தான் மிக ஆபத்தானது. 1995ஆம் ஆண்டு வணிகக் கப்பல் சட்டத்தில் மூன்று பிரிவுகளைத் தனித்தனியாகப் பாருங்கள்.

பிரிவு 58 ஸ்கிப்பருக்கும் பணியாளருக்கும் உரியது. கப்பலையோ ஆட்களையோ ஆபத்துக்கு உள்ளாக்கும் நடத்தை அவர்கள் குற்றம்.

பிரிவு 98: ஆபத்தான அளவுக்குப் பாதுகாப்பற்ற கப்பல். இதில் உரிமையாளரும் ஸ்கிப்பரும் இருவருமே குற்றவாளிகள். பாதுகாப்பற்றது என்றால் ஓட்டை விழுந்த படகு மட்டும் இல்லை. ஆள் போதாமை, அதிகச் சுமை, தேவையான கருவி இல்லாமை எல்லாம் அதில் அடங்கும்.

பிரிவு 100 உரிமையாளருக்கே உரியது. படகு பாதுகாப்பாக இயக்கப்படுவதை உறுதிசெய்ய நியாயமான எல்லா நடவடிக்கைகளையும் அவர் எடுக்க வேண்டும். ஸ்கிப்பர் இல்லாத வெறும் படகை முழுசாக வாடகைக்கு எடுத்தவரும், நிர்வாக ஒப்பந்தத்தின் கீழ் படகை நடத்துபவரும் இதே கடமைக்குள் வருகிறார்கள். மேல்நிலை நீதிமன்ற விசாரணை என்றால் 2 ஆண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும்.

கவனிக்க: இவை ஒன்றையொன்று அழிப்பவை அல்ல. ஸ்கிப்பர் தப்புச் செய்தார் என்பது பிரிவு 100க்குப் பதில் ஆகாது. அவரை எப்படித் தேர்ந்தீர்கள், அவருக்கு என்ன எழுதிக் கொடுத்தீர்கள், படகின் நிலை பற்றி உங்களுக்கு என்ன தெரியும் என்றுதான் கேட்பார்கள்.

உங்கள் மூன்றாவது, நான்காவது கேள்விகளுக்கு 2014இல் கவிழ்ந்த சீக்கி ரஃபீக்கி படகின் வழக்கைப் படியுங்கள். பெனட்டோ ஃபர்ஸ்ட் 40.7 வகை, உங்கள் படகின் அளவுதான். ஆன்டிகுவாவில் பந்தயம் முடித்து சவுத்தாம்ப்டன் திரும்பும் வழியில், மே மாதம், நோவா ஸ்கோஷியாவுக்குத் தென்கிழக்கே 700 கடல் மைலுக்கும் அப்பால் கீல் கழன்று கவிழ்ந்தது. படகில் இருந்த நான்கு பேரும் இறந்தார்கள். கவிழ்ந்த படகுடலை ஒரு வாரம் கழித்து அமெரிக்கக் கடற்படைக் கப்பல் ஒன்று கண்டது. அந்தப் படகுக்கு இருந்த சான்றிதழ் பாதுகாப்பான துறைமுகத்திலிருந்து 60 மைல் வரைக்கானது. அதுவும் பயணத்துக்கு முன்பே காலாவதியாகியிருந்தது.

நிறுவனத்தின் இயக்குநர் மீது அலட்சியத்தால் மரணம் விளைவித்ததாகவும் பிரிவு 100ஐ மீறியதாகவும் வழக்கு. 2017இல் பிரிவு 100இல் குற்றவாளி என்று ஜூரி சொன்னது. மரணக் குற்றச்சாட்டில் முடிவுக்கு வர முடியவில்லை. 2018இல் மறுவிசாரணை நடந்து அந்தக் குற்றச்சாட்டிலிருந்து விடுவிக்கப்பட்டார். பிரிவு 100க்காக 15 மாதச் சிறை, நிறுத்திவைக்கப்பட்ட தண்டனையாக. அவர் அப்போது கரையில் இருந்தார். படகில் அனுபவமுள்ள ஸ்கிப்பர் இருந்தார். இரண்டும் அவரைக் காப்பாற்றவில்லை.

ஆக, நான்காவது கேள்விக்குப் பதில்: பணம் கொடுப்பவர் யாரும் இல்லாமல் நீங்கள் மூவர் மட்டும் போனால் அது வேறு விஷயம். நான்கு பேர் பங்கு கொடுத்து வருகிறார்கள் என்றால், மேலே சொன்ன மூன்று முடிச்சுகளையும் ஒவ்வொரு பவுண்டுக்கும் போட்டுப் பாருங்கள். "இடம் மாற்றுவது" என்று பெயர் வைத்ததால் விதி மாறாது.

---

ஏராப்பலகை எழுதியது:

வழக்குமேசை சட்டத்தைச் சொல்லிவிட்டார். படகு என்ற பொருளைப் பற்றி நான் சொல்கிறேன்.

24 மீட்டர் சுமைக்கோட்டு நீளத்துக்குள், 12 பயணிகளுக்கு மேல் ஏற்றாத வணிகப் படகுகளுக்குச் சிறு வணிகப் படகு கோட்கள் உண்டு. பாய்ப்படகுக்கு நீலக் கோட். மற்ற வகைகளுக்கு வேறு நிறங்கள். பிறகு எல்லா நிறங்களையும் ஒன்றாக்கிய எம்ஜிஎன் 280 என்ற அறிவிப்பு. இவை அவ்வப்போது திருத்தப்படுகின்றன, ஆகவே 2005 படகுக்கு எந்தப் பதிப்பு பொருந்தும் என்பதைச் சான்றளிக்கும் அமைப்பிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். எம்சிஏ, அதாவது பிரிட்டனின் கடல்சார், கடலோரக் காவல் முகமை, நேரடியாக வந்து பார்ப்பதில்லை. ஒய்டிஎஸ்ஏ, மெக்கால், ஐஐஎம்எஸ் போன்ற அமைப்புகளின் சர்வேயர்தான் வருவார். சான்றிதழ் அதிகபட்சம் 5 ஆண்டு. நடுவில் ஒரு இடைக்காலப் பரிசோதனை, ஒவ்வொரு வருடமும் வருடாந்தரப் பரிசோதனை. சிறிய படகுகளுக்கு வருடாந்தரத்தை உரிமையாளரே செய்து கையெழுத்திட இடம் உண்டு. அந்தக் கையெழுத்து நாளை நீதிமன்றத்தில் உங்கள் முன் வைக்கப்படும் காகிதம், அதை மறக்காதீர்கள்.

பரப்பு வகைகள், எம்ஜிஎன் 280 கணக்குப்படி:
0: எல்லையில்லை
1: பாதுகாப்பான துறைமுகத்திலிருந்து 150 மைல் வரை
2: 60 மைல் வரை
3: 20 மைல் வரை
4: 20 மைல் வரை, நல்ல வானிலை, பகல் மட்டும்
5, 6: ஒரு குறிப்பிட்ட புறப்பாட்டு இடத்தைச் சுற்றி, நல்ல வானிலையில், பகலில்

சோலன்ட்டுக்கு வகை 4கூடப் போதும், பகலில் மட்டும் என்றால். ஆனால் நீடில்ஸ் பாறைகளிலிருந்து ஷெர்பூர் சுமார் 60 கடல் மைல். நடுக்கால்வாயில் இரண்டு கரையும் சுமார் 30 மைல் தூரத்தில். ஆகவே வகை 3 போதாது, வகை 2 வேண்டும். அசோர்ஸுக்கு வகை 0. இடையில் ஒரு நுணுக்கம்: "பாதுகாப்பான துறைமுகம்" என்பது வரைபடத்தில் இருக்கும் துறைமுகம் அல்ல, அன்றைய காற்றில், அன்றைய ஓதத்தில் உங்கள் படகு உள்ளே நுழையக்கூடியது. மேற்குக் காற்று வலுத்து முகத்துவார மணல்திட்டில் அலை உடையும் நாளில் அந்தத் துறைமுகத்தை மைல் கணக்கில் சேர்க்காதீர்கள்.

இனி கீல். நம் நாகப்பட்டினம் தச்சர்கள் இதை ஏரா என்பார்கள்; அவர்கள் படகில் அது முதுகெலும்பு, உடலோடு சேர்ந்தே பிறப்பது. இந்த ஃபைபர் படகுகளில் கீல் என்பது அடியில் போல்ட் போட்டுத் தொங்கவிட்ட பல டன் இரும்பு. போல்ட்கள் அடித்தளத்தை ஊடுருவி உள்ளே நட், வாஷரோடு நிற்கின்றன. அந்தச் சுமையைப் படகு முழுக்கப் பரப்புவது உள்ளே இருக்கும் சட்டகம், மேட்ரிக்ஸ் என்பார்கள். பல உற்பத்திப் படகுகளில் அந்த மேட்ரிக்ஸைத் தனியாக அச்சில் வார்த்து உடலோடு பசையால் ஒட்டுகிறார்கள். பசை விட்டுப்போனால் மேலே தரைப்பலகை போட்ட நிலையில் எதுவும் தெரியாது.

தரைதட்டினால் நடப்பது இது: 6 நாட் (மணிக்கு 6 கடல் மைல்) வேகத்தில் கீலின் கீழ்முனை பாறையில் இடிக்கிறது. கீல் ஒரு நெம்புகோல் மாதிரி திரும்புகிறது. முன்பக்க போல்ட்கள் இழுபடுகின்றன. பின்முனை உடலுக்குள் மேல்நோக்கிக் குத்துகிறது. அந்தக் குத்தில்தான் கீலுக்குப் பின்னால் இருக்கும் மேட்ரிக்ஸ் ஒட்டு விடும். சேற்றில் மெதுவாக அமர்ந்ததையும் பாறையில் மோதியதையும் ஒரே மாதிரி எடுத்துக்கொள்ளக் கூடாது, ஆனால் இரண்டையும் பதிவேட்டில் எழுத வேண்டும். சீக்கி ரஃபீக்கி விசாரணையில் எம்ஏஐபி (பிரிட்டனின் கடல் விபத்து விசாரணைப் பிரிவு) சொன்னது அதுதான்: முந்தைய தரைதட்டல்களும் அவற்றுக்குப் பின் செய்த பழுதுபார்ப்பும் சேர்ந்து கீல் இணைப்பைப் பலவீனமாக்கியிருக்கலாம், போல்ட் ஒன்றோ பலவோ அரித்திருக்கவும் கூடும்.

பார்க்க வேண்டிய முறை. படகைத் தூக்குமுன் தரைப்பலகைகளை முழுக்கக் கழற்றி அடிப்பள்ளத்தைத் துடைத்துக் காயவையுங்கள். வாஷரைச் சுற்றி துருக்கறை, நட்டுக்கு அடியில் ஈரம், மேட்ரிக்ஸ் குறுக்குச் சட்டங்களின் மூலையில் மயிரிழை வெடிப்பு. பிறகு சின்ன பிளாஸ்டிக் சுத்தியலால் சட்டகத்தின் ஓரம் நெடுகத் தட்டிக்கொண்டே போங்கள். ஒட்டு நன்றாக இருக்கும் இடத்தில் ஒலி கூர்மையாக, உயரமாக வரும். விட்ட இடத்தில் பழைய பானையைத் தட்டினாற்போல் மந்தமாகும். அந்த எல்லையைச் சாக்குக்கட்டியால் கோடு போட்டு, அளவுகோல் வைத்துப் போட்டோ எடுத்து வையுங்கள். அடுத்த வருடம் அந்தக் கோடு நகர்ந்திருக்கிறதா என்பதுதான் உண்மையான பதில்.

கிரேன் பெல்ட்டில் தொங்கும்போது கீலுக்கும் உடலுக்கும் இடையே உள்ள மூட்டை முன், பின் முனைகளில் ஃபீலர் கேஜ் (இடுக்கை அளக்கும் மெல்லிய தகடு) வைத்து அளந்து பாருங்கள். பிறகு கீலின் மேல் எடை இறங்கியதும் மறுபடி. இடைவெளி திறந்து மூடினால் ஏதோ நகர்கிறது. ஒருவர் கீலின் அடிமுனையைப் பக்கவாட்டில் தள்ள, இன்னொருவர் உள்ளே நட் மேல் விரல் வைத்திருக்க வேண்டும்.

ஸ்டெயின்லெஸ் போல்ட் துருப்பிடிக்காது என்று நம்ப வேண்டாம். மூட்டுக்குள் தேங்கிய உப்பு நீரில் ஆக்ஸிஜன் இல்லாத இடத்தில் அது இடுக்கு அரிப்புக்கு உள்ளாகும். மேலே நட் பளபளவென்று இருக்கும், நடுவில் கழுத்து இளைத்திருக்கும். தலையைப் பார்த்து முடிவுசெய்ய முடியாது; சந்தேகம் வந்தால் ஒன்று இரண்டைக் கழற்றி வெளியே எடுத்துப் பார்ப்பதுதான் வழி.

---

அலைவாய்:

நன்றி, கண் திறந்தது. வாங்குவதற்கு முன் படகு பிராம்பிள் மணல்திட்டில் ஒருமுறை தட்டியதாக முந்தைய உரிமையாளர் வாய்வழியாகச் சொன்னார், காகிதம் எதுவும் இல்லை. இன்னொன்று: ஸ்கிப்பர் இல்லாமல் படகை மட்டும் கொடுத்தால் பொறுப்பு குறையுமா? கவிழ்ந்தால் லைஃப்ராஃப்ட் (ஊதி விரியும் உயிர்காப்புத் தெப்பம்) தானாக வெளிவரும் வகை வைத்திருக்கிறோம், அது போதும்தானே?

---

ஏராப்பலகை:

வாய்வழியாகச் சொன்னதை இன்றைக்கே தேதி போட்டு எழுதி வையுங்கள், சர்வேயரிடமும் சொல்லுங்கள். தெரிந்ததை மறைத்தால் அவர் கொடுக்கும் அறிக்கைக்கு மதிப்பில்லை.

தானாக வெளிவரும் லைஃப்ராஃப்ட் விஷயத்தில் நிறையப் பேர் தவறாக நம்பியிருக்கிறார்கள். நீரழுத்தத்தால் விடுவிக்கும் அந்தச் சின்னக் கருவி 1.5 மீட்டரிலிருந்து 4 மீட்டர் ஆழத்துக்குள் வெட்டும். மூழ்கும் படகுக்கு அது சரி. தலைகீழாகக் கவிழ்ந்து மிதக்கும் 12 மீட்டர் படகில் மேல்தளம் அந்த ஆழத்துக்குப் போகாமலே இருக்கலாம். வெட்டினாலும் ராஃப்ட் மேலே மிதந்து காக்பிட்டுக்குள்ளேயே சிக்கிக்கொள்ளும். சீக்கி ரஃபீக்கியின் கவிழ்ந்த உடலில் லைஃப்ராஃப்ட் வைத்த இடத்திலேயே இருந்தது. ஆகவே படகின் பின்முனையில், கவிழ்ந்த நிலையிலும் வெளியிலிருந்து கைக்கு எட்டும் இடத்தில் பொருத்த முடியுமா என்று பாருங்கள்.

கட்டுவதிலும் தப்பு நடக்கிறது. ராஃப்டின் இழுகயிறு, கருவியில் உள்ள சிவப்பு மெலிந்த வளையத்தில் கட்டப்பட வேண்டும். படகு இறங்கும்போது கயிறு இழுபட்டு ராஃப்ட் ஊதும், பிறகு அந்த வளையம் அறுந்து ராஃப்ட்டை விடும். இழுகயிறை நேராகத் தளத்தின் வளையத்தில் இறுக்கிக் கட்டிவிட்டால் படகோடு ராஃப்ட்டும் அடியில் போகும். எங்கும் கட்டாமல் விட்டால் ஊதாமல் மிதந்து போய்விடும். கருவிக்கு 2 ஆண்டுதான் ஆயுள், தேதி மேலேயே துளையிட்டுக் குறிக்கப்படும். ராஃப்ட்டுக்கு வருடா வருடம் சர்வீஸ்.

---

சுக்கான்பிடி எழுதியது:

ஸ்கிப்பர் பக்கத்திலிருந்து சில விஷயம்.

சான்றிதழைக் கேட்கும்போது மூன்று காகிதம் கேளுங்கள்: யாட்மாஸ்டர் என்ற படகுத் தலைவர் தகுதி, அதன் மேல் வணிக ஒப்புதல், மருத்துவச் சான்று. தகுதி மட்டும் இருந்து வணிக ஒப்புதல் இல்லாதவர் சம்பளத்துக்கு ஓட்டக்கூடாது. அந்த ஒப்புதல் 5 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டியது. கடலில் உயிர்காப்புப் பயிற்சியும் தொழில்முறைப் பொறுப்புகள் பற்றிய பாடமும் முடித்தவருக்குத்தான் கிடைக்கும். யாட்மாஸ்டர் ஆஃப்ஷோர் 150 மைல் வரை, ஓஷன் எல்லையில்லாமல். உங்கள் ஆள் ஆஃப்ஷோர் என்றால் அசோர்ஸ் அங்கேயே முடிந்தது.

பயணத் திட்டம் எழுதுவது பெரிய கப்பலுக்கு மட்டும் உரியது அல்ல. சோலாஸ் (கடலில் உயிர்ப் பாதுகாப்புக்கான சர்வதேச ஒப்பந்தம்) ஐந்தாம் அத்தியாயம் விதி 34 சிறிய படகுக்கும் பொருந்தும்: வானிலை, ஓதம், படகின் எல்லை, ஆட்களின் அனுபவம், ஒதுங்கும் துறைமுகம், கரையில் யாரிடம் தகவல். ஒரு பக்கம் போதும், ஆனால் புறப்படுமுன் எழுதியதாக இருக்க வேண்டும். இன்னொரு விதியை உரிமையாளர்கள் மூவரும் சத்தமாகப் படிக்க வேண்டும்: பாதுகாப்புக்குத் தேவை என்று ஸ்கிப்பர் தொழில்முறையில் எடுக்கும் முடிவை உரிமையாளரோ வாடகைக்காரரோ தடுக்கவோ கட்டுப்படுத்தவோ கூடாது. வெள்ளிக்கிழமை மாலை காற்று போஃபோர்ட் அளவில் 7 என்று அறிவிப்பு வரும்போது "பணம் வாங்கிட்டோம், எப்படியாவது போய்ட்டு வாங்க" என்று அனுப்பும் வாட்ஸ்அப் செய்தி பிரிவு 100க்கு நேரான சாட்சி. அதற்குப் பதில், எந்தக் காற்றுக்கு மேல் புறப்பட மாட்டோம் என்பதையும் பணம் திருப்பித் தரும் முறையையும் முன்பதிவுப் படிவத்திலேயே போட்டுவிடுங்கள். ஸ்கிப்பர் மேல் அழுத்தம் அங்கேயே பாதி குறையும்.

பாதுகாப்புக் கயிறு பற்றி ஒன்று. 2017 நவம்பரில் உலகைச் சுற்றும் பந்தயத்தில் சிவி30 என்ற படகிலிருந்து ஒருவர் தவறி விழுந்து இறந்தார். அவர் கயிற்றோடு இணைந்துதான் இருந்தார். தளத்தில் ஓடும் பட்டையில் மாட்டியிருந்த கொக்கி, முன்தளத்தில் இருந்த ஒரு கிளீட்டுக்கு (கயிறு கட்டும் முளைக்கு) அடியில் சிக்கிப் பக்கவாட்டில் இழுபட்டது. நேராக இழுத்தால் டன் கணக்கில் தாங்கும் கொக்கி பக்கவாட்டு இழுப்பில் வளைந்து விட்டுவிட்டது. அது தர அளவுகோலுக்கு உட்பட்ட கொக்கிதான். உங்கள் படகில் பட்டையின் முன்முனை எங்கே முடிகிறது என்று போய்ப் பாருங்கள். கொக்கியைக் கையில் பிடித்து முனைவரை இழுத்துப் பாருங்கள். கிளீட் அடியிலோ வளையத்திலோ நுழைய முடிந்தால் பட்டையை அதற்கு முன்னாலேயே நிறுத்திக் கட்டுங்கள். ஐந்து நிமிட வேலை.

லைஃப்ஜாக்கெட் 150 நியூட்டன், தொடைப்பட்டை, விளக்கு. சிலிண்டர் திருகு தளர்ந்திருப்பதுதான் அடிக்கடி காணும் பழுது. என்ஜின் அதிர்விலேயே தளரும். மாதம் ஒருமுறை கையால் முறுக்கிப் பாருங்கள். ஈபிர்ப் (ஆபத்தில் இருப்பிடம் காட்டும் கருவி) 406 மெகாஹெர்ட்ஸ், 48 மணி நேரம் ஒலிபரப்பும். ஆள் அணியும் சிறியது 24 மணி நேரம். இரண்டையும் கரையில் எடுக்கக்கூடிய தொலைபேசி எண்ணோடு பதிவுசெய்ய வேண்டும். படகை வாங்கியவர்கள் இதைத்தான் மறக்கிறார்கள். பழைய உரிமையாளர் பெயரிலேயே பதிவு இருந்தால் மீட்புக் குழு அவர் வீட்டுக்கு அழைத்து நேரம் போகும்.

ஸ்கிப்பர் இல்லாமல் படகை மட்டும் கொடுப்பது பொறுப்பைக் குறைக்காது, இடம் மாற்றும். படகு கோடிங்கில்தான் இருக்க வேண்டும். எடுப்பவரின் தகுதியைப் பார்ப்பதும், அவரை வைத்து என்ஜின், கடல்வால்வுகள், பம்ப், கேஸ், ராஃப்ட் எல்லாம் காட்டிக் கையெழுத்து வாங்குவதும் உங்கள் வேலை. திரும்பி வரும்போது "எங்கேயாவது தட்டினீர்களா?" என்று கேட்கும் ஒரு வரியையும் ஒப்படைப்புப் படிவத்தில் சேருங்கள். தட்டினால் முன்பணம் போய்விடும் என்று பயந்து மறைப்பார்கள். ஆகவே தானாகச் சொன்னால் பிடித்தம் குறைவு என்று எழுதுங்கள். ஏராப்பலகை சொன்ன கீல் கதை முழுக்க இந்த ஒரு வரியில்தான் தொடங்குகிறது.

---

நங்கூரக்காரன் எழுதியது:

இன்சூரன்ஸ் பக்கம்: உல்லாசப் பாலிசியில் வணிகமாக ஓட்டினால் பாலிசியே செல்லாது. ஒரு பைசா வராது.

---

வழக்குமேசை:

நங்கூரக்காரன் சொன்ன முடிவு பெரும்பாலும் சரி, ஆனால் காரணம் அவ்வளவு நேர்கோடு இல்லை. 2015ஆம் ஆண்டு இன்சூரன்ஸ் சட்டம் 2016 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்த பிறகு, பாலிசி நிபந்தனையை மீறினால் பாதுகாப்பு நிரந்தரமாகச் சாவதில்லை. மீறல் நீடிக்கும்வரை அது நிறுத்திவைக்கப்படும். சரிசெய்துவிட்டால் மீண்டும் வரும். பிரிவு 11இன்படி, நீங்கள் மீறிய நிபந்தனை நடந்த இழப்பின் அபாயத்தைக் கூட்டியிருக்கவே முடியாது என்று காட்டினாலும் இன்சூரன்ஸ்காரர் அதைக் காரணம் காட்ட முடியாது. தீயணைப்பான் காலாவதி, ஆனால் சேதம் புயலில் பாய்மரம் முறிந்தது என்றால் இந்த வாதம் எடுபடும்.

ஆனால் பாலிசியின் மொத்த அபாயத்தையே வரையறுக்கும் நிபந்தனைக்கு அந்தச் சலுகை இல்லை. "தனிப்பட்ட உல்லாசப் பயன்பாட்டுக்கு மட்டும்" என்பது அந்த வகை. பயணப் பரப்பு எல்லையும் அப்படித்தான் வாதிக்கப்படும். அதற்கு மேல் 1906ஆம் ஆண்டு கடல் இன்சூரன்ஸ் சட்டத்தில் இரண்டு பிரிவுகள் இன்றும் உயிரோடு இருக்கின்றன. பிரிவு 41: பயணம் சட்டத்துக்கு உட்பட்டதாக இருக்க வேண்டும். பிரிவு 39, உட்பிரிவு 5: கால அளவுப் பாலிசியில் படகு கடலுக்கு லாயக்கற்ற நிலையில் இருப்பதை உரிமையாளர் அறிந்தே அனுப்பினால், அந்தக் குறையால் வந்த இழப்புக்கு இன்சூரன்ஸ்காரர் பொறுப்பல்ல. அறிந்தே என்ற சொல்லுக்குள் கண்ணை மூடிக்கொண்டதும் அடங்கும். பிராம்பிள் திட்டில் தட்டியதை நீங்கள் இப்போது இங்கே எழுதிவிட்டீர்கள், அலைவாய். கீலைத் திறந்து பார்க்காமல் அசோர்ஸ் அனுப்பினால் "தெரியாது" என்று சொல்ல வாயில்லை. பாலிசி எடுக்கும்போதும் அதைச் சொல்லியாக வேண்டும். நியாயமான முழுத் தகவல் தருவது இப்போது சட்டக் கடமை.

விபத்து நடந்தால்: வணிகப் படகு என்றால் எம்ஏஐபிக்கு உடனே, கிடைக்கும் வேகமான வழியில் தெரிவிக்க வேண்டும், 2012 விதிகள்படி. பிளாட்டரின் (மின் கடல்வரைபடக் கருவியின்) பதிவு, ஜிபிஎஸ் தடம், வாட்ஸ்அப், பதிவேடு எதையும் அழிக்கவோ திருத்தவோ கூடாது. உடைந்த உதிரியைத் தூக்கிப் போடாதீர்கள். கயிறோ கொக்கியோ அப்படியே பையில் போட்டு, எடுத்த இடத்தையும் நேரத்தையும் எழுதி வையுங்கள். எம்ஏஐபி பழி சுமத்த விசாரிப்பதில்லை. நீதிமன்றம் அனுமதித்தாலொழிய, அதன் அறிக்கையைப் பொறுப்பு நிர்ணயிக்கும் வழக்கில் ஆதாரமாக வைக்க முடியாது. எம்சிஏயின் குற்றப் புலனாய்வு தனி. அவர்கள் எச்சரிக்கை வாசித்துக் கேள்வி கேட்கத் தொடங்கினால் முதலில் வக்கீலை அழையுங்கள்.

---

ஏராப்பலகை:

இதோடு ஒன்று சேர்க்கிறேன், பெரிய படகு என்றாலும் பொருந்துவது. 2024 ஆகஸ்டில் சிசிலிக்கு அருகே மூழ்கிய பேயேசியன் என்ற பாய்ப்படகு 56 மீட்டர், பிரிட்டிஷ் கொடி. ஏழு பேர் இறந்தார்கள். 2025 மே மாத இடைக்கால அறிக்கையில் எம்ஏஐபி சொன்னது: பாய் சுருட்டி, நடுப்பலகை (ஏற்றி இறக்கும் கீல்) மேலே தூக்கி, எரிபொருளும் தண்ணீரும் குறைவாக இருக்கும் நிலையில் பக்கவாட்டில் 63.4 நாட்டுக்கு மேல் காற்று அடித்தால் படகு கவிழக்கூடும். 70 டிகிரிக்குச் சற்று மேல் சாய்ந்தால் அந்த நிலையில் தானாக நிமிராது. இந்த எல்லை படகில் இருந்த நிலைப்பு நூலில் எழுதப்படவில்லை. உரிமையாளருக்கும் ஊழியர்களுக்கும் அது தெரிந்திருக்க வழி இல்லை.

உங்கள் படகின் நிலைப்பு நூல் எந்தெந்த நிலைக்கு எழுதப்பட்டது என்று பாருங்கள். ஆறு பேர், பெட்டிகள், தண்ணீர்த் தொட்டி காலி, டெண்டர் (கரைக்குப் போகும் சிறு படகு) தளத்தில் கட்டியது: இப்படித்தான் நீங்கள் ஓட்டப் போகிறீர்கள் என்றால் அந்த நிலைக்கு எண் இருக்கிறதா? இல்லையென்றால் சர்வேயரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி அது.

---

அலைவாய்:

மூவரும் பேசினோம். அசோர்ஸை எடுத்துவிட்டோம். வகை 2க்கு விண்ணப்பம். அதற்கு முன் பிப்ரவரியில் படகைத் தூக்கி, தரைப்பலகை முழுக்கக் கழற்றி, கீலில் இருந்து இரண்டு போல்ட் எடுத்துப் பார்க்கச் சொல்லியிருக்கிறோம். எந்த இரண்டை எடுக்கச் சொல்ல வேண்டும்?

---

ஏராப்பலகை:

முன்பக்கக் கடைசி ஒன்று, அடிப்பள்ளத்தில் எப்போதும் தண்ணீர் நிற்கும் இடத்தில் இருக்கும் ஒன்று. முதலாவது தரைதட்டலில் இழுபட்டது, இரண்டாவது அரிப்புக்கு வாய்ப்புள்ளது. எடுத்த போல்ட்டை மறுபடி போடாதீர்கள். புதியது போட்டு, பழையதில் தேதியும் இடமும் எழுதிப் படகிலேயே வையுங்கள்.